மெத்துவென் உடன்படிக்கையும் பிரேசில் தங்கமும்: போர்ச்சுகலை ஏழையாக்கியது யார்?

பழையஏடு எழுதியது:

ஐரோப்பியக் கடல் வணிகம் பற்றிய திரியில் நண்பர் தேஜோக்கரை நேற்று எழுதிய பத்தியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை என்பதால் தனித் திரி தொடங்குகிறேன். அவர் எழுதியது இது: "1703இல் கையெழுத்தான மெத்துவென் உடன்படிக்கை என்ற ஒரே தாளைக் கொண்டு இங்கிலாந்து போர்ச்சுகலின் நெசவைக் கொன்றது, பிரேசிலின் தங்கம் அனைத்தையும் இலண்டனுக்கு அள்ளிச் சென்றது. அந்த வகையில் போர்ச்சுகீசியரும் காலனியத்தால் சுரண்டப்பட்ட மக்களே."

அந்த உடன்படிக்கையில் இருப்பவை மூன்றே பிரிவுகள். முதல் பிரிவில், ஆங்கிலக் கம்பளித் துணிகளை முன்பு அனுமதித்ததைப் போலவே மீண்டும் தன் நாட்டுக்குள் அனுமதிப்பதாகப் போர்ச்சுகல் அரசர் ஒப்புக்கொள்கிறார். இரண்டாம் பிரிவில், பிரெஞ்சு ஒயினுக்கு விதிக்கும் சுங்கத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தே போர்ச்சுகீசிய ஒயினுக்கு விதிப்பதாக இங்கிலாந்து ஒப்புக்கொள்கிறது. அந்தச் சலுகை பறிபோனால் துணியை மீண்டும் தடுக்கும் உரிமையும் போர்ச்சுகலுக்கு உண்டு. மூன்றாம் பிரிவு இரு தரப்பு அரசர்களின் ஒப்புதலைப் பெறுவது பற்றியது. இந்த மூன்றில் தங்கத்தைப் பற்றிப் பேசுவது எது? அதை மட்டும் நண்பர் எடுத்துக்காட்டினால் போதும், மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

தேஜோக்கரை எழுதியது:

ஐயா, உடன்படிக்கையைப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான் என்ற தொனியில் எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். தங்கத்தைப் பற்றித் தனிப் பிரிவு தேவையில்லை. வாங்குவது அதிகமாகவும் விற்பது குறைவாகவும் இருந்தால் மிச்சத்தை எதில் கட்டுவார்கள்? 1736க்கும் 1740க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கிலாந்து போர்ச்சுகலுக்கு அனுப்பிய சரக்கு ஆண்டுக்குச் சராசரியாக 11 இலட்சம் பவுனுக்கு மேல்; போர்ச்சுகலிலிருந்து வாங்கியதோ ஏறத்தாழ 3 இலட்சம். இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பியது பிரேசிலின் மீனஸ் ஜெராயிஸ் சுரங்கங்களின் தங்கம்தான் என்பதை எந்தப் பொருளாதார வரலாற்றாசிரியரும் மறுக்கவில்லை. மேற்கு இங்கிலாந்தின் கடைகளில் ஆங்கில நாணயத்தைப் போலவே போர்ச்சுகீசியப் பொன் நாணயம் கைமாறியது. மொய்டோர் என்று பெயரிட்டு, ஒன்றுக்கு 27 ஷில்லிங் என்று மதிப்பும் வைத்திருந்தார்கள். இன்னொரு நாட்டு நாணயம் ஒரு நாட்டின் கடைத்தெருவில் இப்படிப் புழங்குவது எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு விடை சொல்லுங்கள்.

துணியைப் பற்றியும் சொல்கிறேன். எரிசெய்ரா பிரபு நிதிப் பொறுப்பில் இருந்தபோது, 1677இல் வெளிநாட்டு ஆடம்பரத் துணிகளுக்குத் தடைச் சட்டம் வந்தது. கொவில்யா, ஃபுந்தாவ், போர்த்தலெக்ரே ஆகிய ஊர்களில் கம்பளி ஆலைகள் எழுந்தன. செர்ரா த எஸ்த்ரேலா மலையின் ஆட்டு உரோமம் அருகிலேயே கிடைத்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் தண்ணீரும் இருந்தது. தன் காலில் நிற்கத் தொடங்கிய அந்தத் தொழிலின் முட்டியை உடைத்தது 1703.

பழையஏடு எழுதியது:

கேட்டது மூன்று பிரிவுகளில் எது என்று. பதிலாக வந்திருப்பது மொய்டோர் நாணயமும் ஆட்டு உரோமமும்.

எரிசெய்ராவை நீங்களே அழைத்து வந்ததால் சொல்கிறேன். அவர் தற்கொலை செய்துகொண்டது 1690இல். உடன்படிக்கைக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு. அவருக்குப் பின் அந்த ஆலைகளைக் காக்க நினைத்தவர்கள் அரசவையில் அரிதாகிப்போனார்கள். ஏனென்றால் 1690களில் ஒயின் ஏற்றுமதி ஏறியது. பிரான்சோடு இங்கிலாந்து போரிட்ட காலம் அது, பிரெஞ்சு ஒயின் அங்கே நுழைய முடியவில்லை. அதே பத்தாண்டின் நடுவில் மீனஸ் ஜெராயிஸில் தங்கமும் கிடைத்துவிட்டது. கையில் காசு வந்தவுடன் லிஸ்பன் பிரபுக்கள் நல்ல துணி தேடினார்கள். தடைச் சட்டம் நடப்பில் இருந்த காலத்திலும் ஆங்கிலத் துணி வருவது முற்றிலும் நிற்கவில்லை. ஆகவே முட்டியை உடைத்தது 1703 என்று எழுதுவது, ஏற்கெனவே படுத்துவிட்ட ஒருவரை அடித்ததாக வழக்குத் தொடுப்பதைப் போன்றது.

இன்னொன்று. போர்ச்சுகல் சட்டப்படி பொன்னையும் நாணயத்தையும் வெளியே கொண்டுபோவது குற்றம். உடன்படிக்கைக்கு முன்னும் குற்றம், பின்னும் குற்றம். ஃபால்மவுத் துறைமுகத்திலிருந்து லிஸ்பனுக்கு வந்துபோன அஞ்சல் கப்பல்களையும் ஆங்கிலப் போர்க்கப்பல்களையும் சுங்க அதிகாரிகள் சோதிக்க முடியாது என்பதால், வணிகர்கள் அவற்றின் வழியே பொன்னை அனுப்பினார்கள். அந்தக் கடத்தலைப் போர்ச்சுகல் அரசு கண்டும் காணாமல் இருந்தது. இதில் எங்கே வருகிறது மெத்துவென்? எந்தப் பிரிவு?

கொச்சிமிளகு எழுதியது:

இருவரும் "ஏழையாக்கியது" என்றும் "காலனி" என்றும் சொல்கிறீர்கள். எந்த அளவுகோலில் ஏழை? ஆளுக்கு வருமானமா, தொழில் வளர்ச்சியா, அரசின் கடனா? 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் போர்ச்சுகல் அப்படியொன்றும் ஏழை நாடாக இல்லை, சரிவு அதன் பிறகே என்று புதிய ஆய்வுகள் சொல்கின்றன. அதை முதலில் முடிவு செய்துவிட்டு விவாதித்தால் எங்களைப் போன்ற வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

தேஜோக்கரை எழுதியது:

பழையஏடு அவர்களே, சோதிக்க முடியாத கப்பல் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு நாட்டின் தலைநகர்த் துறைமுகத்தில், அந்த நாட்டின் அதிகாரி ஏற முடியாத கப்பல் நிற்கிறது. அதில் அந்த நாட்டின் சட்டம் தடுத்த பொருள் ஏறுகிறது. அதிகாரி கரையில் நின்று பார்க்கிறார். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? அந்த உரிமைகள் தற்செயலாக வந்தவை அல்ல. 1640இல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்த போர்ச்சுகலுக்கு 1668 வரை ஸ்பெயினின் ஏற்பு கிடைக்கவில்லை. நடுவில் உயிர் பிழைக்க இங்கிலாந்தின் கப்பற்படை தேவைப்பட்டது. 1642, 1654, 1661 என்று வரிசையாக உடன்படிக்கைகள். ஒவ்வொன்றிலும் ஆங்கில வணிகருக்குப் புதிய சலுகை. 1661 உடன்படிக்கைப்படி இளவரசி கத்தரீனாவை இங்கிலாந்து அரசருக்கு மணமுடித்துக் கொடுத்து, பம்பாயையும் தாஞ்சியரையும் சீராகக் கொடுத்து அனுப்பினார்கள். 1703 அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதே ஆண்டு மே மாதத்தில்தான் போர்ச்சுகலை ஸ்பானிய வாரிசுரிமைப் போருக்குள் இழுத்த படை உடன்படிக்கையும் கையெழுத்தானது. அதையும் பேசி முடித்தவர், வணிக உடன்படிக்கைக்குப் பெயர் தந்த அதே ஆங்கிலத் தூதர் ஜான் மெத்துவென். அவருடைய தந்தை இங்கிலாந்தில் பெரிய துணி வணிகர். கழுத்தில் கத்தி இருக்கும்போது போட்ட கையெழுத்தை வணிகம் என்று எழுதுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

சென்ற மாதம் மிளகு விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஒரு சிறு விவரத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய உண்மையை மறைத்தீர்கள்.

பழையஏடு எழுதியது:

மிளகு விவாதத்தை இங்கே கொண்டுவந்தது நீங்கள், நான் அல்ல. அதில் நீங்கள் சொன்னது, 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியதும் வெனிஸின் மிளகு வணிகம் மடிந்துவிட்டது என்று. 1513இல் போர்ச்சுகீசியத் தளபதி ஆல்புகெர்க்கே ஏடனைப் பிடிக்க முயன்று தோற்றார்; செங்கடலின் வாயை அடைக்க முடியாததால் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலெக்சாந்திரியா வழியே மிளகு மீண்டும் வெனிஸுக்குப் பெருமளவில் போனது என்று நான் எழுதினேன். அதற்கு நீங்கள் இன்றுவரை பதில் எழுதவில்லை. அந்தச் சிறு விவரம்தான் உங்கள் பெரிய உண்மையைப் பொய்யாக்கியது.

இங்கேயும் அதேதான். படை உடன்படிக்கை, திருமணம், பம்பாய், தாஞ்சியர் எல்லாம் உண்மை. ஆனால் நீங்கள் எழுதியது "ஒரே தாள்" என்று. இப்போது நான்கைந்து தாள்கள் வந்துவிட்டன. 1654இல் கிராம்வெல் காலத்திலேயே ஆங்கிலேயருக்குத் தனி நீதிபதி, சமயச் சுதந்திரம், சுங்க வரம்பு எல்லாம் கிடைத்துவிட்டன என்றால், 1703 புதிதாகச் செய்தது என்ன? துணியை "முன்பு போலவே" அனுமதித்தது. அவ்வளவுதான் முதல் பிரிவில் இருக்கிறது. ஆங்கிலத் துணிக்கு மட்டும் என்ற தனியுரிமை அதில் இல்லை. இங்கிலாந்துக்கு இதில் தனிச் சலுகை எதுவும் இல்லை, போர்ச்சுகலுக்கே இலாபம் என்று 1776இல் ஆடம் ஸ்மித் குறைப்பட்டுக்கொண்டார். உங்கள் கணக்குப்படி கொள்ளையடித்தவர்களின் நாட்டிலேயே பெரிய பொருளியல் அறிஞர் இதை நட்டக் கணக்கில் எழுதியிருக்கிறார்.

தங்கம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்ற என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

நெய்தல்நிலம் எழுதியது:

இவ்வளவு நேரமாகத் தங்கம் தங்கம் என்று இரு தரப்பும் எழுதுகிறீர்கள். அது இலண்டனுக்குப் போனதா, லிஸ்பனில் நின்றதா என்பதில் உங்களுக்கு இருக்கும் ஆர்வம், அதை எடுத்தவர்கள் யார் என்பதில் இல்லை. மீனஸ் ஜெராயிஸின் ஆறுகளில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து நின்று, மரத் தட்டில் மணலை அள்ளிச் சுழற்றிச் சுழற்றிப் பொடியைப் பிரித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். மேற்கு ஆப்பிரிக்காவின் மீனா கடற்கரையிலிருந்து வந்தவர்களுக்குப் பொன் எடுக்கும் திறமை உண்டு என்று நம்பி, அவர்களுக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். அவர்களை வாங்கப் பிரேசிலின் பாயியாவிலிருந்து போனது மூன்றாம் தரப் புகையிலை. அதைக் கயிறாக முறுக்கி, வெல்லப்பாகு தடவி, உருளையாகச் சுற்றிக் கப்பலில் ஏற்றினார்கள். லிஸ்பன் கடைக்காரர் வாங்காத அந்தப் புகையிலை ஒரு மனிதனின் விலையாக இருந்தது. அடிமை வணிகம் நடந்த மூன்று நூற்றாண்டுகளில் பிரேசில் கரையில் உயிரோடு இறக்கப்பட்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 48 இலட்சம் பேர்; வேறு எந்த நாட்டுக்கும் இவ்வளவு பேர் கொண்டுபோகப்படவில்லை.

அவர்களின் உழைப்பைத் திருடியவரிடமிருந்து இன்னொருவர் திருடினார் என்பதற்காக, முதல் திருடரைச் சுரண்டப்பட்டவர் என்று அழைக்க எப்படி மனம் வருகிறது, தேஜோக்கரை? 

தேஜோக்கரை எழுதியது:

தங்கையே, நான் அடிமை முறையை எங்கும் நியாயப்படுத்தவில்லை. உணர்ச்சிவசப்படாமல் என் வரியை மறுபடி படியுங்கள். நான் எழுதியது போர்ச்சுகீசிய "மக்கள்" என்று. அரசரையோ அடிமை வணிகரையோ அல்ல. வட போர்ச்சுகலின் மின்யோ பகுதியில் நிலமில்லாமல் கப்பலேறிய உழவனின் மகனுக்கு, அரசர் கட்டிய மாஃப்ரா அரண்மனையின் பளிங்கில் என்ன பங்கு இருந்தது?

நெய்தல்நிலம் எழுதியது:

நான் உங்களுக்குத் தங்கை இல்லை. பழையஏட்டை ஐயா என்கிறீர்கள், கொச்சிமிளகுக்கு ஒன்றுமே சொல்வதில்லை, எனக்கு மட்டும் உறவும் அறிவுரையும். எண்களை வைத்து எழுதிய பதிவில் உணர்ச்சிவசம் எங்கே இருந்தது என்று காட்டுங்கள்.

மின்யோ உழவனின் மகனைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் மீனஸுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் வாங்க நினைத்தது ஓர் அடிமையை. உங்கள் "மக்கள்" என்ற சொல்லுக்குள் அந்த அடிமைக்கு இடம் உண்டா?

பனையடி எழுதியது:

ஈழத்திலிருந்து ஒரு வார்த்தை. போர்த்துக்கேயரைச் சுரண்டப்பட்டவர் பட்டியலில் சேர்க்கும் வரியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது 1619. யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்துச் சங்கிலி குமாரனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றவர்கள் அவர்கள். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர் அவர்களின் தளபதி பிலிப் டி ஒலிவேரா. நிலத்தையும் குடியையும் பனையையும் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்து வரி பிடித்தார்கள். வன்னி யானைகளைப் பிடித்து விற்றார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்து துரத்தும்வரை அது தொடர்ந்தது. அவர்களை எவர் சுரண்டினார் என்று ஆராய்வதற்கு முன் இதையும் ஒரு பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

பழையஏடு எழுதியது:

பனையடி, நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. என் முன்னோரும் அந்தக் கரையோடு தொடர்புடையவர்களே. ஆனால் அது 17ஆம் நூற்றாண்டு. இங்கே விவாதம் 1703 பற்றியது. திரியை யாழ்ப்பாணத்துக்குத் திருப்பிவிட்டால் தேஜோக்கரை பதில் சொல்லாமல் தப்பிவிடுவார்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். அவர் கொடுத்த எண்ணோடு அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் சேர்த்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் ஏற்றுமதி 1701க்கும் 1705க்கும் இடையே ஆண்டுக்குச் சுமார் 6 இலட்சம் பவுனாக இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளில் அது 11 இலட்சத்தைத் தாண்டியது. 1756க்கும் 1760க்கும் இடையே 13 இலட்சம் ஆனது. இதே காலத்தில்தான் பிரேசில் தங்கம் பெருகி உச்சத்தைத் தொட்டது. 1760களில் சுரங்கங்கள் வற்றத் தொடங்கின. அந்தப் பத்தாண்டின் முடிவில் இங்கிலாந்தின் ஏற்றுமதி ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. உடன்படிக்கை அப்போதும் நடப்பில் இருந்தது. மூன்று பிரிவுகளில் ஒரு சொல்கூட மாறவில்லை. உடன்படிக்கை மாறாமல் இருக்க வணிகம் பாதியாகிறது என்றால், வணிகத்தைத் தூக்கியது உடன்படிக்கையா, தங்கமா? தங்கம் இருந்ததால் துணி வாங்கினார்கள். துணி வாங்கக் கட்டாயப்படுத்தப்பட்டதால் தங்கம் போகவில்லை. தேஜோக்கரை காரணத்தையும் விளைவையும் தலைகீழாகக் கட்டியிருக்கிறார்.

அந்தத் தங்கம் லிஸ்பனில் என்ன செய்தது என்பதையும் பாருங்கள். ஐந்தாம் ஜோவாவ் அரசர் 1717இல் மாஃப்ராவில் அரண்மனையோடு சேர்ந்த மடாலயத்தைக் கட்டத் தொடங்கினார். மணிகள் இன்றைய பெல்ஜியத்திலிருந்தும் சிலைகள் இத்தாலியிலிருந்தும் வந்தன. சாவ் ரோக் தேவாலயத்துக்காக ஒரு சிற்றாலயத்தை ரோமில் கட்டி, பிரித்து, கப்பலில் ஏற்றி, 1747இல் லிஸ்பனுக்குக் கொண்டுவந்தார்கள். தங்கம் கையில் இருந்ததால், வரி கேட்பதற்காகக் கூட்ட வேண்டிய கோர்த்தெஸ் அவையை 18ஆம் நூற்றாண்டு முழுவதும் கூட்டவே இல்லை. கடைசியாகக் கூடியது 1698இல் முடிந்தது. கேள்வி கேட்பதற்கு ஆள் இல்லாத அரசருக்கு நெசவாலை எதற்கு? உள்நாட்டில் கூலியும் விலையும் ஏறின. அந்தக் கூலியில் நெய்த துணி ஆங்கிலத் துணியோடு போட்டியிட முடியவில்லை. இது தங்கம் செய்த வேலை, மெத்துவென் செய்ததல்ல. போர்ச்சுகலை முடக்கியவர்கள் லிஸ்பனில் இருந்தார்கள். யூதர்களை 1497இல் கட்டாய மதமாற்றம் செய்து, 1536இல் மதவிசாரணை மன்றத்தை நிறுவி, தங்கள் நாட்டின் வணிகத் திறமையை ஆம்ஸ்டர்டாமுக்குத் துரத்தியவர்களும் லிஸ்பனில்தான் இருந்தார்கள்.

தேஜோக்கரை எழுதியது:

நான் ஆயிரம் முறை சொல்லியும் நீங்கள் "பிரிவு, பிரிவு" என்று ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். உங்கள் எண்கள் எனக்கு எதிரானவை அல்ல, ஆதரவானவை. தங்கம் இருந்தவரை இங்கிலாந்து இருந்தது. தங்கம் வற்றியதும் விலகியது. உறிஞ்சுபவனின் நடத்தை வேறு எப்படி இருக்கும்? உடன்படிக்கை இல்லாவிட்டால், தங்கம் வந்த காலத்தில் எரிசெய்ராவின் தடை உயிரோடு இருந்திருக்கும். உள்ளூர்க் காசு உள்ளூர் நெசவாளருக்குப் போயிருக்கும். தடையை எடுத்த நாளிலிருந்து அந்த வாய்ப்பும் போயிற்று. முதல் பிரிவு செய்த வேலை அதுதான். பிரிவு கேட்டீர்கள், தந்துவிட்டேன்.

பழையஏடு எழுதியது:

நீங்கள் தந்தது துணி பற்றிய பிரிவு. நான் கேட்டது தங்கம் பற்றிய பிரிவு.

தேஜோக்கரை எழுதியது:

துணி வழியேதான் தங்கம் போனது.

பழையஏடு எழுதியது:

அப்படியானால் "உடன்படிக்கையால் தங்கம் போனது" என்ற வரியை "துணி வாங்கியதால் தங்கம் போனது" என்று திருத்துங்கள். "தங்கம் அனைத்தையும்" என்பதில் உள்ள "அனைத்தையும்" என்ற சொல்லையும் நீக்குங்கள். மாஃப்ரா எதில் கட்டப்பட்டது? ரோமுக்குக் கொடுத்த காணிக்கைகள் எதில் போயின? மீனா கடற்கரையில் டச்சுக்காரரிடம் அடிமைக்கு விலையாகக் கொட்டப்பட்ட கடத்தல் பொன் எந்தக் கணக்கில் வருகிறது?

தேஜோக்கரை எழுதியது:

ஒரு வரியையும் திருத்த மாட்டேன்.

நெய்தல்நிலம் எழுதியது:

அடிமைக்கு விலை என்ற விவரத்தைத் தம் வாதத்துக்கு ஆயுதமாக எடுத்துக்கொண்டதற்குப் பழையஏட்டுக்கு நன்றி சொல்ல நான் தயாராக இல்லை. என் பதிவுக்கு அவரும் பதில் சொல்லவில்லை. இருவருக்கும் அந்த மனிதர்கள் கணக்கில் ஒரு வரிதான்.

கொச்சிமிளகு எழுதியது:

ஒயின் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. வட போர்ச்சுகலின் தோரோ பள்ளத்தாக்கின் சரிவுகளில் கல்லை உடைத்துப் படிக்கட்டுத் தோட்டம் போட்டவர்களுக்கு இந்தச் சுங்கச் சலுகையால் நூறு ஆண்டுக்குச் சந்தை கிடைத்தது. மிளகு, அடிமை, பொன் ஆகியவற்றில் வந்த பணத்தைப் போலல்லாமல், இது உள்நாட்டு மண்ணில் விளைந்த வருமானம். அதைக் கெடுதல் என்று எப்படிச் சொல்வது?

தேஜோக்கரை எழுதியது:

விளைந்தது உள்நாட்டு மண்ணில். விலை வைத்தது போர்த்து நகரில் உட்கார்ந்திருந்த ஆங்கில வணிகர். பீப்பாய்கள் தட்டைப் படகுகளில் தோரோ ஆற்றின் பாறைகளுக்கு நடுவே இறங்கி, வில நோவ த காயாவின் கிடங்குகளுக்குப் போகும். அந்தக் கிடங்கின் சாவி ஆங்கிலேயர் கையில். 1750களில் அவர்கள் விலையைத் தரையில் தள்ளினார்கள். விவசாயிகளும் இடைத்தரகர்களும் பிழைக்க வழியில்லாமல், மட்டமான ஒயினில் எல்டர் மரத்தின் கருநிறப் பழச்சாற்றைக் கலந்து நிறமேற்றினார்கள். இந்த ஊழலை ஒழிக்கத்தான் போர்ச்சுகல் அரசின் முதன்மை அமைச்சர் பொம்பால் 1756இல் தோரோ ஒயின் கம்பெனியைத் தொடங்கி, எந்தச் சரிவில் விளைந்தது ஏற்றுமதிக்கு உரியது என்று எல்லை வகுத்து, எல்டர் மரங்களை வேரோடு பிடுங்கச் செய்தார். முந்தைய ஆண்டு நவம்பர் 1 நிலநடுக்கத்தில் லிஸ்பன் இடிந்து கிடந்த நேரத்தில் இதைச் செய்த அந்த மனிதரை, ஆங்கில ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற முதல் தலைவர் என்றே நான் மதிக்கிறேன்.

பழையஏடு எழுதியது:

பொம்பாலை மதிப்பதற்கு முன் 1757 பிப்ரவரியைப் படியுங்கள். அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த தனியுரிமையால் பிழைப்பு போன போர்த்து நகரத்துக் கள்ளுக்கடைக்காரர்களும் பீப்பாய்த் தொழிலாளரும் பெண்களும் தெருவில் இறங்கினார்கள். அதை அரச துரோகம் என்று சொல்லி, பலரைத் தூக்கிலிட்டார் உங்கள் தலைவர். தூக்கில் தொங்கியவர்களில் ஆங்கிலேயர் ஒருவரும் இல்லை. நீங்கள் சொல்லும் "மக்கள்" மீது கை வைத்தது யார் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

பிரேசிலில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுரங்கத்திலிருந்து வந்த பொடியை அரசின் உருக்குச் சாலையில் கொடுக்க வேண்டும்; அங்கே ஐந்தில் ஒரு பங்கை வெட்டிக்கொண்டு, மீதியைக் கட்டியாக வார்த்து, எடையும் மாற்றும் பொறித்து, ஒரு சீட்டோடு திருப்பித் தருவார்கள். சீட்டில்லாத பொன் கடத்தல் பொன். 1750க்குப் பிறகு ஆண்டுக்கு 100 அரோபா, அதாவது ஏறத்தாழ ஒன்றரை டன், கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். குறைந்தால் ஊர் முழுவதும் பங்கிட்டுக் கட்ட வேண்டும். அந்தப் பாக்கியை வசூலிக்கப் போகிறார்கள் என்ற அச்சத்தில் எழுந்த சதிக்காகத்தான் பிரேசில் கிளர்ச்சியாளர் திராதெந்த்திஸ் 1792 ஏப்ரல் 21 அன்று ரியோவில் தூக்கிலிடப்பட்டார். 1785இல் அடிமைகளுக்கும் சாக்குக்கும் வேண்டிய முரட்டுத் துணியைத் தவிர வேறெந்தத் துணியும் பிரேசிலில் நெய்யக் கூடாது என்று அரசி மரியா ஆணையிட்டார். இங்கிலாந்து போர்ச்சுகல் நெசவைக் கொன்றதாக அழுகிறவர், போர்ச்சுகல் சட்டம் போட்டுப் பிரேசில் நெசவைக் கொன்றதற்கு என்ன பெயர் சொல்வார்? அந்த ஆணையில் தடை எழுத்தில் இருக்கிறது. மெத்துவென் உடன்படிக்கையில் அப்படி ஒரு வரியும் இல்லை. கேள்வி அதுவேதான்: மூன்று பிரிவுகளில் எது?

பனையடி எழுதியது:

17ஆம் நூற்றாண்டு இங்கே பொருந்தாது என்று என்னைத் தள்ளிவிட்டு, இப்போது தாமே 1497க்கும் 1792க்கும் போய் வருகிறார் பழையஏடு. அவருக்கு ஓர் அளவு, எங்களுக்கு ஓர் அளவு.

பழையஏடு எழுதியது:

1497ஐ எடுத்தது போர்ச்சுகல் நலிந்ததற்கான காரணம் என்பதால். 1792ஐ எடுத்தது அதே தங்கத்தின் கதை என்பதால். யாழ்ப்பாணத்தின் தோம்பைப் பற்றித் தனித் திரி தொடங்குங்கள், முதல் ஆளாக நான் வருகிறேன்.

பனையடி எழுதியது:

எங்கே எதைப் பேசலாம் என்று உங்களிடம் அனுமதி வாங்க வேண்டிய நிலையில் நான் இல்லை.

தேஜோக்கரை எழுதியது:

பழையஏடு அவர்களுக்கு எழுத்தில் வேண்டும் என்றால் எழுத்திலேயே தருகிறேன். 1807 நவம்பரில் நெப்போலியனின் படை லிஸ்பனை நெருங்கியபோது, அரச குடும்பம் ஆங்கிலப் போர்க்கப்பல்களின் காவலில் பிரேசிலுக்குக் கிளம்பியது. 1808 ஜனவரியில் பிரேசில் துறைமுகங்கள் வெளிநாட்டாருக்குத் திறக்கப்பட்டன. 1810இல் இங்கிலாந்தோடு போட்ட உடன்படிக்கைப்படி, பிரேசிலில் இறங்கும் ஆங்கிலச் சரக்குக்குச் சுங்கம் நூற்றுக்கு 15; போர்ச்சுகலின் சொந்தச் சரக்குக்கு 16; மற்ற நாட்டாருக்கு 24. தன் அரசரே ஆளும் நிலத்தில், தன் நாட்டுச் சரக்கு அயல்நாட்டுச் சரக்கைவிட அதிகச் சுங்கம் கட்டியது. எழுத்தில், எண்ணில், கையெழுத்தோடு. இதையும் லிஸ்பன் பிரபுக்களின் சோம்பல் என்று எழுதிவிடுவீர்களா?

பழையஏடு எழுதியது:

அது 1810. நூற்றேழு ஆண்டுகள் கழித்து, வேறொரு போரில், வேறொரு அரசவை போட்டது. நீங்கள் குற்றம் சாட்டியது 1703ஐ. 1703இல் தங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் 1810இல் சுங்கம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறீர்கள். அந்த 15ஐயும் 16ஐயும் பற்றிப் பேசவும் எனக்குத் தடையில்லை. அதே ஆண்டில் அதே துறைமுகங்களில் அடிமைக் கப்பல்கள் எத்தனை இறங்கின, அவற்றின் இலாபம் எந்த நாட்டு வணிகர் கைக்குப் போனது என்பதையும் சேர்த்துப் பேசினால்.

நெய்தல்நிலம் எழுதியது:

மறுபடியும் ஆயுதமாகவே எடுக்கிறார்.

தேஜோக்கரை எழுதியது:

கொவில்யா ஆலைகள் 1703க்கு முன்னும் பின்னும் என்ன ஆயின என்பதை ஊர் ஊராக எழுதி இங்கேயே இடுவேன். அதுவரை ஒரு சொல்லையும் நீக்கப் போவதில்லை.

பழையஏடு எழுதியது:

எழுதுங்கள். எரிசெய்ரா இறந்த 1690க்கும் 1703க்கும் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் அந்த ஆலைகள் என்ன நிலையில் இருந்தன என்பதை முதலில் எழுதுங்கள். அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்தால் நான் மீண்டும் இங்கேதான் வந்து கேட்பேன்.